வாழைக்குற்றி புதைத்த குழி

கொட்டாஞ்சேனை
19.03.2024

திருமதி கனகசபாபதி அவர்களுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். வழக்கத்தை விட முடியாமல் எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை?

என் நம்பரை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று மருமகன் ஜனா சொன்னார். அதனால் தபாலில் வருகிறேன். தபால்காரனைத் தடுக்க வெள்ளவத்தையில் இன்னும் பட்டன் வைக்கவில்லை.

என் மகள் ஜெனிற்றாவை நீங்கள் எரித்து ஒரு கிழமை ஆகிறது. அவளைக் கேட்டா எரித்தீர்கள்? பெற்றவளைக் கேட்டா எரித்தீர்கள்? அன்று விடியவே நான் மாதம்பிட்டிச் சேமக்காலையில் ஆள் பிடித்து, என் புருஷன் பீலிக்ஸின் கல்லறையைத் திறந்து, அவருடைய பெட்டிக்கு மேலே குழி வெட்டுவித்து வைத்திருந்தேன். மலர்ச்சாலையில் வைத்திருந்த உடலைப் பாதர் வந்து ஆசீர்வதித்தார். நீங்களும் கைகட்டிக்கொண்டு பவ்வியமாக நின்றீர்கள். பிறகு பார்த்தால் பெட்டி ஏற்றின வான் மாதம்பிட்டிப் பக்கம் திரும்பாமல் பொரளைப் பக்கம் திரும்புகிறது. பின்னால் வந்த காரில் நான் கத்துகிறேன், டிரைவர் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறான். கனத்தை மயானத்துக்கு வந்து சேர்ந்தபோது உலைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெட்டின குழியை வெறுமனே மூடக்கூடாது, மூடினால் அதே வீட்டில் இன்னொரு ஆளைக் கேட்கும் என்று எங்கள் சனம் சொல்லும். குழி வெட்டினவன் ஒரு வாழைக்குற்றியைத் தேடிக்கொண்டு வந்து வெள்ளைத் துணி சுற்றி உள்ளே இறக்கினான். மகளுக்குப் போட வேண்டிய பிடி மண்ணை அந்த வாழைக்குற்றிக்குப் போட்டேன். அவளுக்காகப் பாட வந்த கோயில் பாடகர் குழு, பாடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த அவமானத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

சாம்பலாவது எனக்கு வேண்டும். எரிப்பதைத் திருச்சபை மன்னிக்கும், கரைப்பதை மன்னிக்காது. பங்குச் சுவாமியிடம் கேட்டுவிட்டேன். சாம்பலைப் பெட்டியில் வைத்து அதே கல்லறையில் அடக்கலாம் என்றார். முப்பத்தொராம் நாளுக்கு முன் கொடுத்தனுப்புங்கள்.

பேத்தி ஆரணிக்கு என் முத்தங்கள். அவளுக்கு மட்டும்.

எமெல்டா பீலிக்ஸ்

*

வெள்ளவத்தை
25.03.2024

திருமதி பீலிக்ஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

தடுத்தது உண்மை. ஒரே நாளில் பதினைந்து தரம் போன் அடித்து ஒரே வசையைச் சொன்னீர்கள். வீட்டில் தாயை இழந்த ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கிறது. அவளுக்குக் காது கேட்கும்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். எரிக்க முடிவெடுத்தவள் நான். ஜனா இல்லை. அவனைத் திட்ட வேண்டாம், அவனுக்கு இப்போது சோறு எது, சாம்பார் எது என்று தெரியாது. குழி வெட்டுவிக்கச் சொல்லி இந்த வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களாக வெட்டினீர்கள், நீங்களாக மூடினீர்கள்.

முப்பத்தொராம் நாள், அந்தியேட்டி அன்று முகத்துவாரத்தில், ஆறு கடலோடு சேரும் இடத்தில் சாம்பலைக் கரைக்கப் போகிறோம். வர விரும்பினால் வரலாம். சத்தம் போடாமல் நிற்க முடியுமென்றால்.

இதற்குக் காரணம் கேட்காதீர்கள். என் வீட்டு வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயிர்ப்புப் பெருவிழா நன்றாக நடக்கட்டும்.

அன்னபாக்கியம் கனகசபாபதி

*

கொட்டாஞ்சேனை
01.04.2024

திருமதி கனகசபாபதி அவர்களுக்கு,

ஆண்டவர் உயிர்த்துவிட்டார். நேற்று முழுக் கோயிலும் அல்லேலூயா பாடியது. என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மனம் வரவில்லை, கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு வழக்கமாம்! என் மகள் எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். சந்த லூசியா கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தவள். அவள் முதல் நன்மை எடுத்த நாளில் நான் என் கலியாணச் சேலையை வெட்டி அவளுக்குச் சட்டை தைத்தேன். எங்கள் வீட்டில் விளக்கு வைத்தால் செபமாலை. ஊர் தலைகீழாய்ப் போனாலும் செபமாலை. பீலிக்ஸ் முன்னால் முழங்காலில் நிற்பார், பிள்ளை நடுவில், நான் பின்னால். இந்தக் காலத்துச் சனம் டிவிக்கு முன்னால் குந்தியிருக்கிற நேரத்தில் நாங்கள் தேவ இரகசியங்களைத் தியானித்தோம். பிள்ளை பத்து மணிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் அவருக்குத் தெரியும். அவ்வளவு பக்தி.

துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர் என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். திருநாளில் சுரூபக் கூட்டுக்கு முதல் தோள் கொடுப்பவர் அவர்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் கையில் இரும்புக் கம்பியோடு எங்கள் ஒழுங்கையின் வாயிலில் இரவும் பகலும் நின்று எத்தனை வீட்டைக் காப்பாற்றினார் தெரியுமா? ஜெனிற்றா அப்போது தவழ்கிற பிள்ளை. அப்படிப்பட்ட தகப்பனுக்கு மேலே படுக்க அவளுக்கு என்ன குறை? சின்னதில் காய்ச்சல் வந்து அவளுடைய இடது காது மந்தமானபோது, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய்த் தூக்கித் திரிந்தவரும் அவர்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். அவருக்கு மேலே இருப்பது ஒரே ஒரு பெட்டிக்கு இடம். அது என் இடம். அவரை அடக்கின அன்றைக்கே எனக்கென்று சொல்லி வைத்த இடம். அதை நான் என் மகளுக்குக் கொடுத்தேன். நான் எங்கே கிடந்தாலும் சரி, பிள்ளை தகப்பனோடு கிடக்கட்டும் என்று கொடுத்தேன். நீங்கள் அதைத் தட்டிவிட்டீர்கள்.

முழுதாகக் கேட்கவில்லை. பாதி தாருங்கள். தராவிட்டால் புதுக்கடையில் எனக்குத் தெரிந்த லோயர் இருக்கிறார். கோட்டு வாசலில் உங்கள் மகன் நிற்க வேண்டி வரும். பிறகு என்னைச் சொல்லாதீர்கள்.

எமெல்டா பீலிக்ஸ்

*

வெள்ளவத்தை
06.04.2024

திருமதி பீலிக்ஸ் அவர்களுக்கு,

சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா என்று ஆரணி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

பாதி தர மாட்டேன். ஒரு கரண்டியும் தர மாட்டேன். லோயரிடம் போங்கள். நான் முப்பது வருடம் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள், கறுப்புக் கோட்டைக் கண்டு பயப்படும் ஆள் இல்லை.

யார் வீட்டுப் பிள்ளை என்று பாடம் எடுத்தீர்கள். நல்லது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, கடைசி ஏழு மாதம் அவளுக்குக் குளிக்க வார்த்தது இந்தக் கை. வாந்தி அள்ளினது இந்தக் கை. நீங்கள் ஞாயிறு தோறும் லூர்து தண்ணீர்ப் போத்தலோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, தொடர்மாடி முழுவதும் கேட்கச் செபம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பக்தியில் மூடினாள் என்று நினைத்தீர்கள்.

வேறு எந்த மயானத்தைச் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பேன். நீர்கொழும்பு என்றால் நீர்கொழும்பு, மன்னார் என்றால் மன்னார். நீங்கள் அந்த ஒரு குழியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அது மட்டும் முடியாது.

அன்னபாக்கியம்

*

கொட்டாஞ்சேனை
15.04.2024

திருமதி கனகசபாபதிக்கு,

சுகம் விசாரிக்கவில்லை.

முகத்துவாரத்தில் மீன் விற்கும் நாகமணி வந்து சொன்னாள். "அக்கா, உங்கட மருமகன் பானையோட நிண்டவர். ஒரு வயசான அம்மாவும் நிண்டவ. சின்னப் பிள்ளை பூப் போட்டது. பெரிய அலை ஒண்டு வந்து எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போயிட்டு" என்றாள். அவளிடம் வாங்கின மீனைச் சட்டியோடு நாய்க்குக் கொட்டினேன். அந்தக் கடல் மீன் இனி என் வாயில் இறங்காது.

இனி நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாளில் ஊரெல்லாம் தங்கள் தங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொழுத்தும். நான் எதற்கு முன்னால் கொழுத்துவேன்? கடலுக்கு முன்னாலா? காற்றில் எந்தத் திரி நிற்கும்?

இரக்கம் என்ற ஒன்று உங்களுக்கு இல்லை. உங்கள் சாமிக்கும் இல்லை போலிருக்கிறது. இதை எழுதக்கூடாது என்று தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

பேத்தியை ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்புங்கள். அவளையும் எனக்கு இல்லாமல் செய்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

எமெல்டா

*

வெள்ளவத்தை
08.06.2024

திருமதி பீலிக்ஸ் அவர்களுக்கு,

இரண்டு மாதமாக எழுதாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உங்கள் கடைசிக் கடிதத்துக்கு எழுதக்கூடிய பதில் எதுவும் ஒரு மரியாதையான பெண்ணின் வாயில் வரக்கூடியதாக இருக்கவில்லை.

ஆரணி ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளவத்தைக் கோயிலுக்கே மறைக்கல்விக்குப் போகிறாள். நான்தான் கூட்டிக்கொண்டு போய் வாசலில் இருக்கிறேன். நான் அவளை விபூதி பூசி மறித்து வைத்திருக்கவில்லை. தாயின் விருப்பம் அது, அது நடக்கும்.

பதின்மூன்றாம் தேதி கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு உங்களோடு வர ஆசைப்படுகிறாள். ஜனா காலையில் கொண்டு வந்து விடுவான், பின்னேரம் வந்து கூட்டிப் போவான். ஒரே ஒரு நிபந்தனை. மாதம்பிட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அந்தக் கல்லறைக்கு முன்னால் அவளை முழங்காலில் நிற்பாட்ட வேண்டாம். இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

உங்கள் முழங்காலுக்கு ஜனாவிடம் ஒரு எண்ணெய் கொடுத்தனுப்புகிறேன். ஆரணியின் தொல்லை தாங்காமல்.

அன்னபாக்கியம்

*

கொட்டாஞ்சேனை
20.06.2024

திருமதி கனகசபாபதிக்கு,

எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவில்லை. நான் சுகமும் இல்லை.

எனக்கு நிபந்தனை போட நீங்கள் யார்? கொச்சிக்கடையில் பூசை முடிந்ததும் த்ரீவீல் பிடித்து நேரே மாதம்பிட்டிக்குத்தான் கூட்டிப்போனேன். தாத்தாவின் கல்லறைக்குப் பேத்தி பூ வைக்கக்கூடாது என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

பிள்ளை பூவை வைத்தாள். "முழங்காலில நிண்டு தாத்தாவுக்கு ஒரு செபம் சொல்லு செல்லம்" என்றேன். நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா சொன்னவ, அந்தத் தாத்தாவுக்கு நான் செபிக்கத் தேவையில்லையாம். விருப்பமெண்டால் மட்டும் செபிக்கட்டாம். எனக்கு விருப்பமில்லை அம்மம்மா."

பக்கத்துக் கல்லறையில் பூ மாற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா சொன்னாளாம்! என் மகள் அப்படிச் சொல்ல மாட்டாள். சாகிற வரைக்கும் தகப்பனைப் பற்றி ஒரு சொல் தவறாக அவள் என்னிடம் கதைத்ததில்லை. இது நீங்கள் ஊட்டின நஞ்சு. செத்த மனுஷனைப் பற்றிப் பச்சைப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? நேரே எழுதுங்கள். இந்த ஒளித்து விளையாட்டு எனக்கு வேண்டாம். எழுதாவிட்டால் அடுத்த ஞாயிறு உங்கள் தொடர்மாடி வாசலுக்கு வந்து எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பேன். எனக்கு வெட்கம் போய்க் கனகாலம்.

எமெல்டா பீலிக்ஸ்

*

வெள்ளவத்தை
27.06.2024

திருமதி பீலிக்ஸ் அவர்களுக்கு,

கேட்டுவிட்டீர்கள். இதை வாசிக்கும்போது இருந்துகொண்டு வாசியுங்கள்.

உங்கள் மகளுக்கு நான் இரண்டு வாக்குக் கொடுத்தேன். ஒன்றைக் காப்பாற்றினேன். மற்றதை இன்றைக்கு உடைக்கிறேன், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவளைக் குளியலறைக் கதிரையில் இருத்தி முதுகுக்கு வார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்த பிறகு அந்த முதுகில் பழைய தழும்புகள் தெளிவாகத் தெரிந்தன. இடுப்புப் பட்டியின் தழும்பு. நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். "மாமி, அது செபமாலைத் தழும்பு. ஒரு மணி விட்டால் ஒரு அடி" என்று சிரித்தாள். காதைத் தொட்டுக் காட்டினாள். "இது காய்ச்சலால போனதில்லை. பதினொரு வயசில அப்பா விட்ட ஒரு அறை." அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொண்டுபோய் அப்பாவுக்கு மேல போட விடாதேங்கோ மாமி. உயிரோட இருக்கேக்க ஒரு அறைக்குள்ள ஆளோட இருக்கப் பயந்தனான். எரிச்சுப் போடுங்கோ. கடலில விடுங்கோ. அம்மாட்ட மட்டும் சொல்லாதேங்கோ, அவ உடைஞ்சு போவா" என்றாள்.

இரண்டுக்கும் ஓம் என்றேன். ஜனாவிடமும் அவளே சொன்னாள். அவனையும் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பிள்ளைக்குச் சொன்னதும் அவள்தான், அடி உதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, செபிக்கத் தேவையில்லை என்பதை மட்டும்.

நீங்கள் குழியை வெட்டிவிட்டீர்கள் என்று மலர்ச்சாலையில் வைத்துத்தான் எனக்குத் தெரியும். அங்கே நின்று வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். கேட்டால் எத்தனை பேருக்கு முன்னால் நான் என்ன சொல்வேன்? வானைத் திருப்பச் சொன்னேன். நீங்கள் என்னைப் பேயென்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள் என்று முடிவெடுத்தேன். பேய்ப் பட்டம் எனக்குப் பெரிய பாரமாக இருக்கவில்லை, உங்கள் நாக்குத்தான் பாரமாக இருந்தது.

அவர் தெருவைக் காப்பாற்றினார் என்று எழுதினீர்கள். நம்புகிறேன். வெளியில் ஒரு கை, வீட்டுக்குள் ஒரு கை என்று இருக்கிற ஆம்பிளைகளை நானும் கண்டிருக்கிறேன்.

இனி வாசலுக்கு வந்து கத்துவதென்றால் வாருங்கள்.

அன்னபாக்கியம்

*

வெள்ளவத்தை
16.09.2024

திருமதி பீலிக்ஸ் அவர்களுக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். நீங்கள் வாசலுக்கும் வரவில்லை, பதிலும் போடவில்லை. உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். அடித்தால் நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. ஜனா இரண்டு தரம் கொட்டாஞ்சேனைக்கு வந்தான். உள்ளே றேடியோ கேட்டதாம், கதவு திறக்கவில்லையாம்.

ஆரணிக்குப் பிறந்தநாள் வந்து போனது. நீங்கள் அனுப்பும் பட்டர் கேக் இந்த வருடம் வரவில்லை என்று கடைக் கேக்கைத் தொடாமல் வைத்திருந்தாள்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒரு வரி எழுதினால் போதும். வசையாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்னபாக்கியம்

*

கொட்டாஞ்சேனை
03.11.2024

சம்பந்தி அம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஆண்டவர் என்னை ஏன் வைத்திருக்கிறார் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று ஜனாவிடம் கேட்டேன், நேற்று அவர் அடித்தபோது போனை எடுத்தேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதினதற்காக இல்லை. என் பிள்ளை அதை உங்களிடம் சொன்னாளே, அதற்காக. பத்து மாதம் சுமந்தவள் நான். அவள் பால் குடித்தது என்னிடம். தன் முதுகைக் காட்டினது உங்களிடம். வந்து பதினைந்து வருடம் ஆன ஒரு மாமியிடம். இதற்காக நான் உங்களை மன்னிக்க மாட்டேன், எத்தனை பூசை கண்டாலும் மன்னிக்க மாட்டேன். நீங்கள் நல்லவர் என்பதால் இன்னும் கூடக் கோபம் வருகிறது.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைத்தாளா? நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். என் முதுகுக்கு யாரும் வார்த்து ஊற்றிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கிறிஸ்தவப் பெண் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் எனக்குச் சொன்னார்கள். நான் சுமந்தேன். அதன் மற்றத் தலைப்பு பிள்ளையின் தோளில் இருந்தது. காய்ச்சல் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே காய்ச்சல்தான் ஞாபகத்தில் நின்றது. செபமாலையை நான்கு மாதமாகக் கையில் எடுக்க முடியவில்லை. எடுத்தால் மணி எண்ணுகிறேன், எண்ணினால் அந்தச் சத்தம் கேட்கிறது. இப்போது வெறும் வாயால் "ஆண்டவரே, என் பிள்ளை" என்று மட்டும் சொல்கிறேன். அவர் கேட்கிறார் என்றே நினைக்கிறேன்.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். மாதம்பிட்டியில் கல்லறைகளை ஆசீர்வதிக்கச் சுவாமி வந்தார். பீலிக்ஸின் கல்லறைக்கு வழக்கம் போல் நான் ஒரு திரி கொழுத்தினேன், அது அவருக்குச் சேர வேண்டியது, அவருடைய ஆத்துமம் ஆண்டவர் பாடு. பிறகு மேசனைக் கூப்பிட்டுக் கல்லறையைச் சீமெந்து போட்டு மூடச் சொன்னேன். "நோனா, உங்கட இடம் இருக்குதே" என்றான். "எனக்கு அங்க இடமில்லை தம்பி" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சீமெந்து காயும்வரை பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகையால் இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் போன பிறகு எனக்குச் செய்ய வேறு ஆள் இல்லை. கோயிலில் பூசை வையுங்கள், அதை விட முடியாது. பிறகு கனத்தைக்குக் கொண்டுபோங்கள். பிறகு ஜெனிற்றாவை விட்ட இடத்தில் என்னையும் விடுங்கள். திருச்சபை சம்மதிக்காது. ஆண்டவரிடம் நான் நேரே போய்க் கதைத்துக்கொள்கிறேன். பாதருக்கு மட்டும் தெரிய வேண்டாம். இந்தக் கொழும்பில் வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த ஒரே பெண் நீங்கள்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அவள் அப்பாவோடு போட வேண்டாம் என்றாள். என்னைப் பற்றி ஏதும் சொன்னாளா? என்னோடும் வேண்டாம் என்று சொன்னாளா? சொல்லியிருந்தால் என்னை வேறு எங்காவது விடுங்கள். பாதி உண்மை எனக்கு வேண்டாம்.

எமெல்டா

*

வெள்ளவத்தை
09.11.2024

எமெல்டா அறிவது,

பெயர் சொல்லி எழுதுகிறேன். நான் உங்களைவிட நான்கு வயது மூத்தவள், எழுதலாம். என் பிரஷர் இருந்தபடி இருக்கிறது.

நீங்கள் கேட்டதில் இலகுவானதை முதலில் சொல்கிறேன். கொண்டுபோவோம். பூசை வைத்து, எரித்து, அங்கேயே கொண்டுபோவோம். எனக்கு முதலில் ஏதும் நடந்தால் ஜனா செய்வான், அவனிடம் சொல்லிவிட்டேன். பாதருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மன்னிக்க மாட்டேன் என்றீர்கள், அதை நான் உங்களிடம் கேட்கவும் இல்லை.

மற்றதைச் சொல்லாமல் விட மூன்று நாள் யோசித்தேன். அவள் உங்களோடு இருக்கவே ஆசைப்பட்டாள் என்று எழுதினால் உங்களுக்கு நித்திரை வரும். எழுத வரவில்லை.

அதே மத்தியானம்தான். உங்களைப் பற்றியும் சொன்னாள். "அப்பா அடிக்கேக்க அம்மா குசினி வாசலில நிண்டவ மாமி. உள்ளுக்கு வரவும் இல்லை, அங்கால போகவும் இல்லை. அடி முடியுமட்டும் நிண்டவ" என்றாள். "அம்மாவில கோபமோ பிள்ளை?" என்று கேட்டேன். நான் வாளிக்குள் கையை வைத்தபடி நின்றேன்.

பிறகு, "தண்ணி ஆறிப் போச்சு மாமி, கெதியா வார்த்து விடுங்கோ" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னது. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என் மருமகள்.

அன்னபாக்கியம்